நாட்டின் பெயரும் வானூர்திப் பற்றும்

பற்று என்பது பழந்தமிழ்ச் சொல். கையால் பிடித்துக்கொள்ளுதலையும், உள்ளத்தால் ஒட்டிநிற்றலையும், சட்டியின் அடியில் காய்ந்து ஒட்டிய சோற்றையும், வணிகனின் கணக்கேட்டில் வரவுக்கு எதிர்ப்புறம் எழுதப்படும் தொகையையும் அவ்வொரு சொல்லே குறிக்கும். இவற்றுள் எப்பொருளில் ஒரு வானூர்திக் குழுமத்தின்மேல் பயணி பற்று வைப்பது என்னும் வினா, அடிக்கடி வான்வழிச் செல்வோரிடையே இன்று எழுந்திருக்கின்றது. ஏர் இந்தியாவில் இருபதாண்டும் முப்பதாண்டும் பறந்து பழகியோர், அதன் இருக்கைகள் கிழிந்தும், முன்னுள்ள திரைகள் இருண்டும், புறப்படும் நேரம் தவறியும் வருதலைக் கண்டு, அதனை விட்டு அயல்நாட்டுக் குழுமங்களை நாடலாமா, அன்றி 'நம் நாட்டு வானூர்தி' என்று பொறுத்திருக்கலாமா என்று எண்ணிப் பார்க்கின்றனர். விட்டுச் சென்றவரை நாட்டுப்பற்று இல்லாதவர் என்று சிலர் இகழ்கின்றனர். விடாது நிற்பவரை ஏமாளி என்று வேறு சிலர் எள்ளுகின்றனர். இரு சாராரும் பற்று என்னும் சொல்லை நிறுத்துப் பாராமலே வீசுகின்றனர்.

அப்பற்று வேரின்றி முளைத்ததன்று. 1932-ஆம் ஆண்டு அக்தோபர் 15-ஆம் நாள், அஞ்சல் மூட்டையை ஏற்றிக்கொண்டு கராச்சியிலிருந்து சே.ஆர்.டி. தாட்டா தாமே ஓட்டிவந்த ஒற்றைப்பொறி வானூர்தி அகமதாபாத்து வழியாகப் பம்பாயில் இறங்கியது. அங்கிருந்து, முன்னர் ஆங்கிலேய வான்படையில் பணியாற்றிய நெவில் வின்சென்று என்பார் பல்லாரி வழியாக அவ்வஞ்சலைச் சென்னைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். பின்னாளில் ஏர் இந்தியா என்று பெயர்பெற்ற அக்குழுமத்தின் முதல் வழித்தடமே சென்னையில்தான் முடிந்தது என்பதைத் தமிழர் பலர் அறியார். 1946-இல் அது பொதுமக்கள் பங்குவாங்கும் குழுமமாகி ஏர் இந்தியா என்னும் பெயரைப் பெற்றது. 1948 சூன் 8-ஆம் நாள் பம்பாயிலிருந்து கெய்ரோ, செனீவா வழியாக இலண்டனுக்கு அதன் முதல் வெளிநாட்டுப் பறப்பு நடந்தது. 1953-இல் நடுவணரசு சட்டம் இயற்றி அதனைத் தன் உடைமையாக்கியது. உள்நாட்டில் பறந்த எட்டுக் குழுமங்களை ஒன்றாக்கி இந்தியன் ஏர்லைன்சு என்னும் மற்றொரு நிறுவனத்தையும் அச்சட்டமே உண்டாக்கியது.

உடைமை அரசுக்கு மாறிய பின்னும் தலைமை தாட்டாவிடமே 25 ஆண்டுகள் இருந்தது. ஒவ்வொரு பயணமும் முடிந்தபின், தேநீரின் நிறம் முதல் கழிப்பறையின் தூய்மை வரை கண்ட குறைகளை எழுதி அலுவலர்க்கு அனுப்புவது அவர் வழக்கம். தலைவரே பயணியாக அமர்ந்து குறை கண்ட காலம் அது. 1960-இல் போயிங் 707 என்னும் தாரைப்பொறி வானூர்தியை ஏர் இந்தியா பறக்கவிட்டபோது, கிழக்கு நாடுகளில் அதற்கு ஈடு சொல்லத்தக்கன மிகச் சிலவே. 1978-இல் மொரார்சி தேசாய் அரசு அவரைத் தலைமையினின்று நீக்கியது. சீர்கேடு அன்றைக்கே தொடங்கிற்று என்று ஒரு நாளைக் குறித்துச் சொல்லுதல் மிகையாகும். ஆயினும் குறை எழுதும் கை ஒன்று அன்றோடு நின்றது என்பது உண்மை.

1946-இல் பாபி கூக்கா என்னும் அலுவலர் எண்ணி உருவாக்கிய 'மகாராசா' என்னும் சின்னத்தை அறியாதார் இலர். தலைப்பாகையும் நீண்ட மீசையும் உடைய மன்னன் ஒருவன் குனிந்து கைகாட்டி வரவேற்பான். சீட்டு வாங்கியவன் எவனாயினும் அவனுக்கு மன்னனே வணங்கி நிற்பான் என்பதே அப்படத்தின் உட்பொருள். அப்படத்தைப் பற்றிப் பின்னர்ச் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு.

பற்றின் ஆழமான வேர் 1990-இல் ஊன்றியது. அவ்வாண்டு ஆகசுட்டுத் திங்களில் ஈராக்கு குவைத்தைக் கைப்பற்றியபோது, அங்கே கூலிக்கும் சம்பளத்துக்கும் சென்றிருந்த இந்திய நாட்டினர் பாலைவழியே சோர்தான் நாட்டின் அம்மான் நகருக்கு வந்து குவிந்தனர். இரண்டு திங்களுக்குள் 488 பறப்புகளில் ஓர் இலக்கத்துக்கும் மேற்பட்டோரை ஏர் இந்தியா பம்பாய்க்குக் கொண்டுவந்து சேர்த்தது. பொது வானூர்திக் குழுமம் ஒன்று நடத்திய மீட்புப் பணிகளுள் அதனினும் பெரியது உலகில் வேறில்லை என்று பதிவாகியுள்ளது. கையில் ஒரு பையும் உடுத்த துணியுமாக அன்று இறங்கியவர்களும் அவர்தம் பிள்ளைகளும் அவ்வானூர்தியைக் கண்டால் நெஞ்சம் நெகிழ்வதில் வியப்பில்லை. அவர்களின் பற்றைப் பழிப்பார் மக்கள் துயரம் அறியாதவர். ஊதியம் நோக்காது மக்களைச் சுமந்த ஒன்றின்மேல் மக்கள் வைத்த அன்பு அது.

ஆனால் அவ்வன்பை ஆட்சியாளர் எவ்வாறு செலவழித்தனர்? 2005, 2006-ஆம் ஆண்டுகளில் இரு நிறுவனங்களுக்குமாக 111 புதிய வானூர்திகள் வாங்க ஒப்பந்தம் செய்யப்பட்டது. தாங்கும் வலிவு உண்டா என்று பாராமல் கடன்மேல் கட்டிய மாளிகை அது. 2007-இல் ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்சும் ஒன்றாக்கப்பட்டன. ஊதியவரிசை வேறு, பணிவிதி வேறு, வானூர்தி வகை வேறு என்றிருந்த இரண்டினை ஒரு கயிற்றால் கட்டியதால் இரண்டும் தள்ளாடின. 2009-இல் அரசு மற்றோர் ஆணை பிறப்பித்தது. அரசுச் செலவில் வான்வழிச் செல்லும் நடுவணரசுப் பணியாளர் யாவரும் ஏர் இந்தியாவிலேயே செல்லுதல் வேண்டும் என்பது அவ்வாணை. ஆணையால் வரும் பயணி குறைசொன்னாலும் மறுநாள் வந்தே தீருவான் என்று அறிந்தபின், குறை தீர்ப்பதற்கு யார் விரைவர்? கட்டாயத்தால் நிறைந்த இருக்கை நிறுவனத்தைக் காப்பாற்றாது. மெல்லக் கெடுக்கும்.

2018-இல் 76 விழுக்காட்டுப் பங்கை விற்க அரசு முன்வந்தபோது வாங்குவார் ஒருவரும் வரவில்லை. 2021 அக்தோபரில் தாட்டா குழுமம் 18,000 கோடி உருபா மதிப்பில் அதனை ஏற்க இசைந்தது. 2022 சனவரி 27-ஆம் நாள் உடைமை கைமாறியது. அம்மதிப்பில் 15,300 கோடி, குழுமம் ஏற்றுக்கொண்ட கடன்; அரசின் கைக்கு வந்த பணம் 2,700 கோடி. ஆனால் 2021 ஆகசுட்டு இறுதியில் ஏர் இந்தியாவின் மொத்தக் கடனோ 61,562 கோடி. எஞ்சிய 46,262 கோடியும் அரசின் தலையிலேயே நின்றது. அரசின் தலை என்பது மக்களின் தலை. வானூர்தியை அண்ணாந்து பார்த்ததன்றி அதில் காலெடுத்து வைத்தறியாத உழவனும் நெசவாளியும், தாம் வாங்கும் தீப்பெட்டிக்கும் சவர்க்காரத்துக்கும் கட்டும் வரியால் அக்கடனைச் சுமக்கின்றனர். நாட்டு வானூர்திக்கு யார் எவ்வளவு பற்றுக் காட்டினர் என்று கணக்கெடுப்பின், புள்ளிகளை எண்ணிக்கொண்டிருக்கும் பெரும்பயணியர் இவ்வுழவனுக்குப் பின்னேதான் நிற்றல் வேண்டும்.

இனி, இன்றுள்ள ஏர் இந்தியா எவருடையது? 2024 நவம்பர் 12-ஆம் நாள் விசுத்தாரா என்னும் குழுமம் அதனுடன் இணைக்கப்பட்டது. அவ்விணைப்பின் பயனாகச் சிங்கப்பூர் ஏர்லைன்சு ஏர் இந்தியாவில் 25.1 விழுக்காட்டுப் பங்குடையதாயிற்று. ஏனையது தாட்டாவினது. ஆக, மற்றொரு நாட்டின் வானூர்திக் குழுமம் கால்பங்கும் தனியார் வணிகக் குடும்பம் முக்கால் பங்கும் கொண்ட வாணிக நிறுவனம் ஒன்று, நாட்டின் பெயரைத் தன் பெயராகத் தாங்கியிருக்கின்றது. இதில் குற்றம் ஒன்றுமில்லை; வணிகர் வணிகம் செய்வர். ஆனால் வணிகப் பொருளை வாங்குவதும் விடுவதும் நாட்டுப்பற்றைக் காட்டும் அளவுகோலாகா. ஒரு கடையின் பெயர்ப்பலகையில் ஊர்ப்பெயர் இருப்பதனாலேயே அக்கடைப் புளியை வாங்காதவன் ஊர்ப்பகைவன் ஆகிவிடுவானா?

பெயரைப் பற்றிப் பேசுமிடத்து மொழியைப் பற்றி ஒரு சொல். 1976-ஆம் ஆண்டின் ஆட்சிமொழி விதிகள் தமிழ்நாடு நீங்கலாக ஏனைய பகுதிகளுக்கே உரியன என்று அவ்விதிகளே கூறுகின்றன. இருந்தும், தமிழ்நாட்டு நகரங்களுக்கிடையே பறந்த அரசு வானூர்தியில், இருக்கைவாரைக் கட்டுவது எப்படி, தீங்கு நேர்ந்தால் வெளியேறுவது எப்படி என்னும் உயிர்காக்கும் அறிவிப்புகள் நெடுங்காலம் இந்தியிலும் ஆங்கிலத்திலுமே ஒலித்தன. அரசு தன் உடைமை என்று வைத்திருந்த நாளிலேயே தம் மொழியைக் கேளாத தமிழர்க்கு, 'நம் வானூர்தி' என்னும் சொல்லில் முதலெழுத்து எப்போதும் சற்று உறுத்திக்கொண்டுதான் இருந்தது.

வணிகன் பற்றை விரும்புவது இயல்பு. அதனை விலைகொடுத்து வாங்க அவன் கண்ட வழிதான் புள்ளித்திட்டம். பறந்த தொலைவுக்கோ கட்டிய பணத்துக்கோ ஏற்பப் புள்ளிகள் சேரும். சேர்ந்தவர்க்கு வெள்ளியட்டை, பொன்னட்டை என்று படிகள் ஏறும். படியேறியவர்க்குத் தனி வரிசை, ஓய்வறை, கூடுதல் பெட்டி, இடமிருப்பின் மேல்வகுப்பு இருக்கை. கடனட்டை தரும் வைப்பகங்களும் இப்புள்ளிகளை மொத்தமாக விலைக்கு வாங்கித் தம் வாடிக்கையாளர்க்கு வழங்குவதால், குழுமத்துக்குப் பறக்காமலே பணம் வருகின்றது. இத்திட்டத்துக்குப் 'பற்றுத் திட்டம்' என்று ஆங்கிலத்தில் பெயர் சூட்டியவன் கெட்டிக்காரன். எப்பொருளுக்கு எத்தனை புள்ளி என்பதைக் குழுமமே வரையறுக்கும், அதுவே மாற்றும், அதுவே காலாவதியாக்கும். 2024-இல் ஏர் இந்தியா பறந்த தொலைவைக் கணக்கிடுதலை விடுத்துச் செலவிட்ட பணத்தைக் கணக்கிடும் முறைக்குத் தன் திட்டத்தை மாற்றியது. மலிந்த சீட்டில் நெடுந்தொலைவு சென்று புள்ளி சேர்த்தவர்க்கு அன்றோடு வரவு சுருங்கியது. விசுத்தாராவின் திட்டத்தில் புள்ளி சேர்த்தவர்கள், அதன் பணிநயம் கருதி அதனைத் தேர்ந்தெடுத்தவர்கள். 2024 நவம்பரில் அவர்களும் அவர்தம் புள்ளிகளும் ஏர் இந்தியாவுக்கு மாற்றப்பட்டனர். தொழுவம் விற்கப்படும்போது மாடுகளைக் கேட்பாருண்டோ?

அயலில் பார்த்தாலும் இக்கதைதான். 2012-இல் கிங்பிசர் தரையிறங்கிப் பின் எழவில்லை. 2019 ஏப்பிரலில் செட் ஏர்வேசு நின்றது. அவற்றில் ஆண்டுக்கணக்காகப் புள்ளி சேர்த்தோர், பறக்க வானூர்தி இல்லாத புள்ளிகளைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தனர். புள்ளி என்பது பயணி குழுமத்துக்கு ஈட்டின்றிக் கொடுத்த கடன். அக்கடனுக்குப் பற்று என்று பெயரிட்டுப் பயணியே பெருமைப்படுமாறு செய்ததுதான் இதில் உள்ள சூழ்ச்சி. ஏர் இந்தியா தன் புள்ளித்திட்டத்துக்கு மகாராசாவின் பெயரையே வைத்தது. சீட்டு வாங்கிய எவனுக்கும் குனிந்த மன்னன், இப்போது புள்ளியுடையார்க்குக் குனியும் மன்னன் ஆகிவிட்டான்.

குறைகளுக்கு வருவோம். தாட்டா ஏற்றபின் செய்தது ஒன்றுமில்லை என்பது முறையன்று. 2022 திசம்பரில் பழைய பெருவானூர்திகளின் உட்புறத்தைப் புதுக்க 40 கோடித் தாலர் ஒதுக்குவதாக அறிவித்தது. 2023 பிப்பிரவரியில் ஏர்பசு, போயிங் இரண்டிடமும் சேர்த்து 470 வானூர்திகளுக்கு ஒப்பந்தம் செய்தது. ஆனால் இருக்கை செய்வோர் உலகெங்கும் காலந்தாழ்த்தினர். ஆகவே போயிங் 787 வகையில் முதல் வானூர்தி புதுக்குதற்காகக் கலிபோர்னியாவுக்குச் சென்றதே 2025 சூலையில்தான். அறிவிப்புக்கும் செயலுக்கும் இடையே இரண்டரை ஆண்டு. அவ்விரண்டரை ஆண்டும் பயணி முழுக்கட்டணம் செலுத்திப் பழைய இருக்கையில் பதினைந்து மணிநேரம் அமர்ந்து சென்றான். 2025 ஏப்பிரலில் பாக்கித்தான் தன் வான்வழியை மூடியதால் மேலைநாட்டுப் பறப்புகள் சுற்றிச் செல்ல நேர்ந்தது. அக்கேட்டுக்குக் குழுமம் பொறுப்பன்று.

பயணியரும் தம்மைச் சற்றே பார்த்துக்கொள்ளுதல் நன்று. 2025 மார்ச்சுத் திங்களில் சிக்காகோவிலிருந்து தில்லிக்குப் புறப்பட்ட ஏர் இந்தியா வானூர்தி, ஏறத்தாழப் பத்து மணிநேரம் பறந்தபின் புறப்பட்ட இடத்துக்கே திரும்பியது. பன்னிரண்டு கழிப்பறைகளுள் எட்டு அடைத்துக்கொண்டன. குழாய்களில் துணிகளும் ஞெகிழிப் பைகளும் கிடந்ததாகக் குழுமம் அறிவித்தது. அவற்றை அதில் இட்டவர் அமெரிக்காவில் நாகரிகம் பயின்று திரும்புவோரேயன்றி வேறெவர்? நாட்டு வானூர்தி என்று வாயாற் சொல்லிக் கையால் அதன் குழாயை அடைப்பது என்ன பற்றோ?

2025 சூன் 12-ஆம் நாள் அகமதாபாத்தில் நேர்ந்த பெருந்துயரை இத்தராசில் வைத்தல் தகாது. இலண்டனுக்குப் புறப்பட்ட வானூர்தி வீழ்ந்து, அதிலிருந்த 242 பேருள் 241 பேரும் தரையிலிருந்த 19 பேரும் மாண்டனர். அடுத்த திங்களில் வெளிவந்த முதனிலை அறிக்கை, எரிபொருள் ஆளிகள் நின்ற நிலையைக் கூறிற்றேயன்றி எவர் குற்றம் என்று முடிவுரைக்கவில்லை. இறந்தோரை முன்னிறுத்திக் குழுமத்தை இகழ்வதும் ஈரமற்ற செயல்; அதனைத் தாங்கிப் பேசுவதும் அத்தகையதே.

தராசில் வைக்க வேண்டியது வேறொன்று. அது சிறு செய்தியாக வந்து மறைந்தது. 2024 பிப்பிரவரி 12-ஆம் நாள் நியூயார்க்கிலிருந்து மும்பைக்கு ஏர் இந்தியாவில் வந்திறங்கிய எண்பது அகவை முதியவர் ஒருவரும் அவர் துணைவியாரும் சக்கர நாற்காலி வேண்டுமென்று முன்னரே பதிந்திருந்தனர். வந்தது ஒன்றே. மனைவியை அதில் அமர்த்திவிட்டு முதியவர் உடன் நடந்தார். குடிபுகல் ஆய்விடத்தில் சாய்ந்தார், உயிர் பிழைக்கவில்லை. நாற்காலிக்குத் தட்டுப்பாடு இருந்ததால் காத்திருக்கச் சொன்னதாகவும் அவர் நடக்க விரும்பியதாகவும் குழுமம் கூறியது. பதினைந்து மணிநேரம் பறந்து களைத்த கணவன், மனைவியைத் தள்ளிச் செல்வார் பின்னே நடப்பதை 'விருப்பம்' என்று எழுதும் கை எத்தகையது! குடிசார் வான்போக்குவரத்து இயக்ககம் 30 இலக்கம் உருபா தண்டம் விதித்தது. அதற்கு ஓராண்டு முன்னர், 2023 சனவரியிலும் இதே குழுமத்துக்கு இதே 30 இலக்கம் தண்டம் விதிக்கப்பட்டது. 2022 நவம்பரில் நியூயார்க்கிலிருந்து தில்லிக்கு வந்த பறப்பில், குடித்திருந்த ஒருவன் முதிய பெண்மணி ஒருவர்க்கு இழைத்த இழிவை முறைப்படி கையாளாமைக்காக. இருமுறையும் துன்புற்றவர் முதியோர் என்பதைக் கருதுக.

இங்கேதான் பற்றைப் பற்றிய வினா தன் உண்மை முகத்தைக் காட்டுகின்றது. அமெரிக்காவிலும் கனடாவிலும் வாழும் பிள்ளைகள் தம் பெற்றோரை அழைக்கும்போது ஏர் இந்தியாவில் சீட்டு எடுப்பது நாட்டுப் பற்றால் அன்று. தில்லியில் ஏறினால் நியூயார்க்கிலும் சான்பிரான்சிசுகோவிலும் நேரே இறக்கிவிடும் பறப்பு அதனிடம் உண்டு. வழியில் தோகாவிலோ பிராங்க்பர்ட்டிலோ இறங்கி, மொழி தெரியாத வளாகத்தில் வாயில் எண் தேடி அலைய வேண்டுவதில்லை. மரக்கறி உணவு என்றால் என்னவென்று பணியாளர்க்கு விளக்க வேண்டுவதில்லை. தமிழ்நாட்டு முதியவர்க்கு இதிலும் பாதிப் பயன்தான். குழுமத்தின் நெடும்பறப்புகளில் பெரும்பாலானவை தில்லியினின்றும் மும்பையினின்றும் புறப்படுவதால், சென்னையிலிருந்து செல்வோர் அங்கே இறங்கி மாறவே வேண்டும். ஆயினும் அயல்நாட்டில் மாறுவதினும் அது எளிது. எழுபது அகவையில் முதன்முறை வான்வழி ஏறும் தாய்க்கு வேறு தேர்வு இல்லை. அவள் நிற்பது வேறு வழியின்மையால். பொன்னட்டை உடைய பெரும்பயணியோ, சினம் வந்தால் மறுநாளே வளைகுடாக் குழுமத்துக்கு மாறிவிடுவான். அங்கே அவனுக்கு இதனினும் நல்ல ஓய்வறை காத்திருக்கும்.

மாறுவது அவன் உரிமை. அதனை இரண்டகம் என்பார் பேதையர். ஆனால் அவன் வாய்திறவாமல் மாறிவிட்டால், குழுமத்தின் கணக்கேட்டில் ஒரு வாடிக்கை குறையும்; அவ்வளவே. அவன் கண்ட குறை அத்தாயின் இருக்கையில் அப்படியே தங்கிவிடும். வாய்திறவாமல் நின்றாலோ, குழுமம் அதனை ஒப்புதல் என்று கொள்ளும். குறளில் பழைமை என்றோர் அதிகாரம் உண்டு. பழகிய நட்பினர் உரிமையால் செய்யும் பிழையைப் பொறுத்தலைச் சொல்வது. அதற்கு முன்னே நிற்பது நட்பாராய்தல். பின்னே நிற்பது தீ நட்பு. இவ்விரண்டுக்கும் நடுவில் வைத்துத்தான் பொறுத்தல் பேசப்பட்டது. ஆராயாது தொடங்கி, தீமை கண்டும் விடாது, இடையிலுள்ள ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு 'பழகிவிட்டோம்' என்பார் அவ்வைப்பு முறையைப் பார்த்தாரல்லர். இடித்துச் சொல்லுதலும் நட்பின் கடமை என்று அந்நூலே வற்புறுத்துகின்றது.

உள்நாட்டுப் பறப்பில் மாறுவதற்கும் இடம் மிகுதியாக இல்லை. பயணியருள் நூற்றுக்கு அறுபதின்மருக்கு மேல் இண்டிகோ ஒன்றே சுமக்கின்றது, ஏர் இந்தியா இரண்டாவது நிற்கின்றது, ஏனையவை சிறியன. 2025 திசம்பர் முதற்கிழமையில், வானோடிகளின் ஓய்வுநேரம் பற்றிய புதுவிதிக்கு ஏற்ப ஆள்வலிமை பெருக்காமல் இண்டிகோ தடுமாறி, ஆயிரக்கணக்கான பறப்புகளைக் கைவிட்டது. ஏர் இந்தியாவை வெறுத்து அங்கே போனவர்கள் நிலையத் தரையில் படுத்துறங்கினர். இரண்டு பெருங்கடைகள் மட்டும் உள்ள தெருவில், ஒன்றைவிட்டு ஒன்றுக்குப் போவதால் மட்டும் எடைக்கல் திருந்தாது. எடைக்கல்லைச் சரிபார்க்கும் அலுவலர் வேண்டும். அவர் கையில் கடுமையான விதி வேண்டும்.

அவ்விதியின் நிலையைப் பாருங்கள். 2025-இல் இந்தியாவில் நடப்பிலிருந்த விதிப்படி, முன்னறிவிப்பின்றிப் பறப்பு கைவிடப்பட்டால் பறக்கும் நேரத்துக்கு ஏற்ப 5,000, 7,500, 10,000 உருபா என்று ஈட்டுத்தொகை உண்டு. ஆனால் அடிப்படைக் கட்டணமும் எரிபொருட் கட்டணமும் சேர்ந்தது அதனினும் குறைவாயின் குறைவானதே கிடைக்கும். காலந்தாழ்ந்தால் உணவு உண்டு; மிகத் தாழ்ந்தால் மாற்றுப் பறப்போ பணத்தைத் திரும்பப் பெறுதலோ, தங்கல் விடுதியோ உண்டு. தாழ்த்தியதற்காக ஒரு காசு ஈடு இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்திலோ 2004-ஆம் ஆண்டின் 261-ஆம் எண் ஒழுங்குமுறை, அங்கிருந்து புறப்படும் எந்நாட்டு வானூர்திக்கும் பொருந்தும். வானிலை போன்ற தவிர்க்கவியலாக் கரணியம் இன்றி நெடும்பறப்பு நான்கு மணிநேரத்துக்கு மேல் தாழ்ந்து சேர்ந்தால், பயணி ஒவ்வொருவர்க்கும் 600 யூரோ கொடுத்தாக வேண்டும்.

பொன்னட்டையும் செல்வாக்கும் உடைய பெரும்பயணியர் தம் புள்ளிக்கணக்கைப் பற்றிக் குழுமத்துக்கு எழுதும் முடங்கல்களில் பாதியையேனும் வான்போக்குவரத்து அமைச்சுக்கும் தத்தம் நாடாளுமன்ற உறுப்பினர்க்கும் இதனைப் பற்றி எழுதுவாராயின், விட்டுச்செல்லவும் இயலாமல் முறையிடவும் தெரியாமல் இருக்கும் முதியோர்க்கு அதனால் பயன் விளையும். இன்றோ, பிராங்க்பர்ட்டிலிருந்து தில்லிக்குப் புறப்படும் ஏர் இந்தியா ஆறு மணிநேரம் தாழ்ந்தால் அதிலுள்ள மூதாட்டிக்கு 600 யூரோ உரிமையாகும். அதே மூதாட்டி, அதே குழுமத்தின் அதே வானூர்தியில் தில்லியிலிருந்து பிராங்க்பர்ட்டுக்குச் செல்கையில் ஆறு மணிநேரம் தாழ்ந்தால், கையில் ஓர் உணவுப்பொட்டலம் கொடுத்து உட்காரச் சொல்கின்றனர்.